திரும்பு மாதம்

காலை ஆறு மணிக்கு நீர்மானி ஒருமுறை கூவிவிட்டு அன்றைய பங்கைத் தொட்டியில் இறக்கத் தொடங்கியது. ஆளுக்கு அறுபது லிட்டர். அருளப்பன் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். மூன்று பேருக்கான தண்ணீர். நேற்றும் மூன்று பேர்தான், இன்றும் மூன்று பேர்தான். நேற்று மத்தியானம் பொற்கொடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள், சாயங்காலம் ஜெனோவா பெட்டியோடு வந்தாள். நீர்மானிக்கு அது ஒரு பொருட்டில்லை.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஜெனோவா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். தலை சீவி, முகம் கழுவி, படுக்கையை மடித்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஃப்ரிட்ஜத் திறக்கலாமாப்பா?"

பதினான்கு வயது வரை இவள் இந்த வீட்டில்தான் வளர்ந்தாள். அந்தக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்த பிள்ளை இவள்.

"இதென்னம்மா கேள்வி? நம்ம வீடு. தெற" என்றார்.

அவள் பாலை எடுத்து அரை டம்ளர் ஊற்றிக் குடித்தாள். டம்ளரைக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தாள். "தேங்க்ஸ்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். குடம் நிரம்பி வழிந்து நீர்மானி சிணுங்கும் வரை அருளப்பன் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லச் சுழற்சிச் சட்டம் வந்தபோது அவருக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. பதிமூன்று வயதில் ஒரு பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டை வைத்தே முப்பது வயதில் அது எங்கே நிற்கும் என்று சொல்லிவிடலாம் என ஒரு பெரிய கணக்கெடுப்பு காட்டியது. அடிக்கிற வீட்டுப் பிள்ளை ஒரு மாதிரி, கொஞ்சுகிற வீட்டுப் பிள்ளை ஒரு மாதிரி, அப்பனும் ஆத்தாளும் இரண்டு ஷிப்ட் வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளை வேறொரு மாதிரி. எந்த வீட்டில் பிறப்பது என்பதை எந்தப் பிள்ளையும் கேட்டு வாங்கி வரவில்லையே, இது அநியாயமில்லையா என்று ஊரெல்லாம் பேசினார்கள். பொன்மலைப் பக்கம் ரயில்பெட்டிப் பட்டறையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த அருளப்பனும் ஆமாம் அநியாயம்தான் என்று வரிசையில் நின்று ஆதரவாக வாக்களித்துவிட்டு வந்தார். தன் தலையிலும் இது விடியும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்?

பிள்ளைக்குப் பதிமூன்று ஆனதும் வீட்டுக் கூரையில் வளர்ப்புமானி என்ற பொத்தானளவுக் கருவியைப் பொருத்துவார்கள். ஒரு வருடம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். யார் எத்தனை முறை அதட்டினார்கள், எத்தனை முறை சிரித்தார்கள், பிள்ளை பேச வந்தபோது எத்தனை முறை "அப்புறம்" என்றார்கள். வருட முடிவில் வாசலில் ஒரு தகடு வரும். கண்டிப்பு, செல்லம், அரவணைப்பு, அவகாசமின்மை என்று நான்கே வகை. பிள்ளை சொந்த வீட்டை விட்டுக் கிளம்பி, மற்ற மூன்று வகை வீடுகளில் வருடத்துக்கு ஒன்றாக வளரும். நல்லதோ கெட்டதோ, எல்லாருக்கும் எல்லாமும் ஒரு பங்கு. பெற்றவர்களுக்கு மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் உரிமை. சுழற்சி முடிந்ததும் முப்பது நாள் பிறந்த வீட்டில் இருக்க வேண்டும். அதற்குப் பெயர் திரும்பு மாதம். முப்பதாம் நாள் பதிவகத்தில் போய், நான்கில் எது தன் வீடு என்று பிள்ளையே சொல்லும். எந்த வீட்டைச் சொல்கிறதோ, இருபத்தொரு வயது வரை அந்த வீட்டுப் பிள்ளை. சொல்லப்பட்ட வீடு மறுக்க முடியாது. மற்றவர்களுக்குப் பழையபடி மாதம் ஒரு ஞாயிறு.

அருளப்பன் வீட்டு வாசலில் 'கண்டிப்பு' என்று தகடு வந்த அன்றைக்கு அவர் தெருவில் தலைநிமிர்ந்து நடக்கவில்லை. பொய்யாக இருந்திருந்தால் கோபப்பட்டிருப்பார். ஜெனோவாவுக்கு ஒன்பது வயதில், பின்கட்டுக் குழாயைத் திறந்து போட்டுவிட்டு விளையாடப் போனதற்காக ஸ்டீல் ஸ்கேலால் கெண்டைக்காலில் இரண்டு அடி போட்டிருந்தார். அதிகாரி வந்து கேட்டபோது பிள்ளை அதைச் சொல்லியிருந்தாள். புகாராகச் சொல்லவில்லை, கேட்டார்கள், சொன்னாள். அன்றிரவே ஸ்கேலை இரண்டாக வளைத்துக் குப்பையில் போட்டார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிறு ஜெனோவா வரும்போதெல்லாம் அந்த வீடு அல்லோலகல்லோலப்படும். ரோஸ்லின் முதல் நாளே கறி வாங்கி ஊறப்போடுவாள். மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் புதுத் தட்டை எடுத்து வைப்பாள். அருளப்பன் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, வாசலிலேயே நிற்பார். ஆறு மணி நேரத்தில் ஒரு சுடுசொல் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். அவள் பரீட்சையில் தவறினாள், "பரவால்லம்மா". ஒரு ஞாயிறு வரவே இல்லை, "பரவால்லம்மா, வேலை இருந்திருக்கும்". அவள் போனதும் இரண்டு பேரும் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். நல்லபடியாக நடந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

பொற்கொடி விஷயத்தில் இந்தப் பாடெல்லாம் இல்லை. தில்லைநகரில் ஒரு செல்ல வீட்டுப் பெண், சுழற்சியின் கடைசி வருடத்துக்கு இந்த வீட்டுக்கு வந்தவள். போன வருடம் வந்து இறங்கியபோது தன் தட்டைத் தானே எடுக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. செருப்பை வாசலில் ஒன்று, கூடத்தில் ஒன்று என்று உதறுவாள். அருளப்பன் அவளை அடிக்கவில்லை. அந்தப் பாடம் படித்தாகிவிட்டது. ஆனால் வாயை அடக்கவும் இல்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைதானே, இங்கே பதிவு செய்யவா போகிறாள் என்ற தைரியம். அவள் ஒருநாள் அதே பின்கட்டுக் குழாயைத் திறந்து போட்டபோது தெருவே கேட்கிற மாதிரி கத்தினார். அவள் பதிலுக்குக் கத்தினாள். அறைக் கதவை அறைந்து சாத்தினாள். சாயங்காலம் இருந்த ஒரு வாளித் தண்ணீரை மூன்று பேரும் சொம்புக் கணக்கில் பிரித்துக் குளித்தார்கள். "உங்க சொம்பு பெருசு மாமா" என்று அவள் சண்டைக்கு வர, ரோஸ்லின் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அந்தக் கதவின் தாழ்ப்பாள் அன்றைக்குக் கோணியது, இன்னும் சரிசெய்யவில்லை.

இப்போது அந்த அறையில் ஜெனோவா இருந்தாள். கதவு சத்தமில்லாமல் திறந்தது, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. அவள் செருப்பு வாசலில் ஜோடியாக, தெருவைப் பார்த்தபடி இருக்கும்.

"முப்பதே நாள்" என்றாள் ரோஸ்லின். "கர்த்தர் புண்ணியத்துல வாயக் கட்டிட்டு இருங்க. அந்த டாக்டர் வீட்டுல தனி ரூம் குடுத்திருக்காங்க. லால்குடி டீச்சர் வீட்டுல தெனமும் ராத்திரி கதை பேசுவாங்களாம். நம்மகிட்ட என்ன இருக்கு?"

"மூணாவது வீடு?"

"வரகனேரி ஞானசுந்தரியா? அந்தம்மா சரக்கு வண்டி ஓட்டுது. பாதி நாள் வீட்டுலயே இருக்காது. வாசல்ல அவகாசமின்மைன்னு தகடு. அத யாரு சொல்லப் போறா?"

அருளப்பனும் அப்படித்தான் நினைத்தார்.

பதினோராம் நாள் நாலு மணிக்கு அவர் பட்டறையிலிருந்து திரும்பியபோது நீர்மானி அலறிக்கொண்டிருந்தது. பின்கட்டுக்கு ஓடினார். குழாய் முழுதாகத் திறந்திருந்தது. வாளி நிரம்பி, துவைகல் நனைந்து, செடிகளைத் தாண்டிச் சாக்கடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேருக்குமான நாள் பங்கு. இரண்டடி தள்ளி, நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள் ஜெனோவா. குழாயைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

அந்தப் பழைய கோபம் கிளம்பி மேலே வந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்ற கோபம். கண் இருக்கா இல்லையா என்ற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரோஸ்லின் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் குழாயை மூடினார்.

"பரவால்லம்மா" என்றார். "மறந்துருப்பே."

ஜெனோவா கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தார்.

"சாரிப்பா" என்றாள். உள்ளே போனாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

அன்றைக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை. "நீங்க இப்பிடி அடக்கிக்குவீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல" என்று ரோஸ்லின் கண் கலங்கினாள். அருளப்பனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. தகட்டில் இருக்கிற ஆள் நான் இல்லை என்று மகளுக்குக் காட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

மீதி நாட்கள் ஒரு குறையுமில்லாமல் கழிந்தன.

பதிவகத்தில் பெற்றவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போய், தனியறையில் ஒலிப்பதிவியிடம் பேசிவிட்டு, வேறு வாசல் வழியாக வெளியேறிவிடுவார்கள். சொன்னதைத் தாளில் அச்சடித்துப் பெற்றவர்கள் கையில் கொடுப்பார்கள். பிள்ளையின் முகத்துக்கு நேரே யாரும் அழக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான்.

ரோஸ்லின் வரவில்லை. கோவிலில் இருந்தாள். அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பட்டுப்புடவையில், மடியில் ஒரு இனிப்புப் பெட்டியோடு இருந்தாள். முகஜாடையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க பொற்கொடியோட அம்மாங்களா?"

"ஆமா, விசாலம். நீங்க...?"

"அருளப்பன். கடைசி வருசம் எங்க வீட்லதான் இருந்தா."

"ஓ, கண்டிப்பு வீடு" என்றாள் விசாலம். சொன்ன பிறகு சங்கடப்பட்டு இனிப்புப் பெட்டியை நகர்த்தி வைத்தாள். "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பா. இந்த ஒரு மாசமா அவளை நான் ஒரு துரும்பைக்கூட எடுக்க விடல."

ஜன்னலில் அருளப்பன் பெயரைக் கூப்பிட்டார்கள். தாளை வாங்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்துதான் பிரித்தார். ஒரே பத்தி.

'என் வீடு: வரகனேரி, ஞானசுந்தரி அம்மா வீடு. அங்கே யாரும் எனக்கென்று எதையும் எடுத்து வைக்கவில்லை. இருந்ததை நானே எடுத்துச் சாப்பிட்டேன். சாப்பாடு போதவில்லை என்றால் அவரும் நானும் சண்டை போட்டோம். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக எனக்குப் புதுத் தட்டு. அப்பா முன்பு என்னை அடித்திருக்கிறார். அதற்காக இல்லை, அதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். திரும்பு மாதத்தில் வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அப்பா பரவாயில்லை என்றார். அடித்த அப்பாவை எனக்குத் தெரியும். இவரை எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நல்லவராக இருக்கிறார்.'

இரண்டாம் முறை படிக்க முடியவில்லை, கண்ணாடி மங்கிவிட்டது. அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. இனிப்புப் பெட்டி தரையில் விழுந்திருந்தது. விசாலம் தன் தாளைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

"உங்க வீட்டச் சொல்லியிருக்கா" என்றாள்.

அருளப்பனுக்கு முதலில் புரியவில்லை.

"என் பொண்ணு. உங்க வீட்டச் சொல்லியிருக்கா. படிங்க" என்று தாளை நீட்டினாள்.

'என் வீடு: அருளப்பன் மாமா வீடு. அம்மா எதற்கும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மாமா சொல்வார். ஏன் என்றும் சொல்வார். நான் கத்துவேன், கதவை அறைந்து சாத்துவேன். காலையில் என் டம்ளரில் எனக்குக் காபி இருக்கும்.'

"அவளுக்கு அப்பிடி என்னதாங்க குடுத்தீங்க?" விசாலத்தின் குரல் உடைந்தது. "நான் பதினேழு வருசமா அவளை ஒரு வார்த்தை அதட்டினதில்ல. நீங்க என்ன குடுத்தீங்க, சொல்லுங்க."

வஞ்சகமாக எதையாவது செய்து பறித்திருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.

"திட்டுனேங்க" என்றார் அருளப்பன். "அவ்ளோதான். அவ என் பொண்ணு இல்லையே, போயிருவாளேங்கற பயம் இல்ல. அதனால மனசுல பட்டதப் பேசினேன்." தன் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். "எம்பொண்ணுகிட்டதான் அதச் செய்யாம விட்டுட்டேன்."

விசாலம் அதைப் படித்தாள். பிறகு குனிந்து இனிப்புப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சட்டம் தான் நினைத்ததைச் செய்து முடித்துவிட்டது என்று அவருக்கு நினைப்பு ஓடியது. அடிக்கிற தகப்பனை அது அடிக்காத தகப்பனாக, காரணம் சொல்கிற தகப்பனாக மாற்றிவிட்டது. என்ன, வேறொருத்தர் பிள்ளைக்கு. எழுந்து போகும்போது சொன்னார்:

"ஞாயித்துக்கெழம வருவா. செருப்பக் கண்ட எடத்துல ஒதறுவா. சும்மா விடாதீங்கம்மா."

முதல் ஞாயிறு வந்தது. பொற்கொடி காலையிலேயே தில்லைநகர் போய்விட்டாள். ரோஸ்லின் வழக்கம்போலக் கறி எடுக்கப் பையைத் தூக்கியபோது அருளப்பன் வேண்டாம் என்றார். ராத்திரி வைத்த ரசமும் முட்டையும் போதும். புதுத் தட்டை அலமாரியில் உள்ளே தள்ளிவிட்டு, ஜெனோவாவின் விளிம்பு நெளிந்த பழைய தட்டைத் தேடி எடுத்தார். நல்ல சட்டை போடவில்லை. வாசலில் நிற்கவும் இல்லை, ஆனால் கூடத்தில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகவாவது திட்ட வேண்டுமே என்று காரணம் தேடிப் பார்த்தார். குறையே இல்லாத பிள்ளையை எதற்கென்று திட்டுவது? நடிப்பதாக அவளுக்குத் தெரிந்துவிட்டால் அது இன்னும் மோசம்.

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. ஜெனோவா வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. இரண்டு முறை அழைத்தும் அவள் எடுக்கவில்லை. ஒரு மணி, இரண்டு மணி. கேட் திறந்தபோது மூன்று ஆகியிருந்தது. அவள் தொப்பலாக நனைந்து, உதடு நீலம் பாரித்து, தும்மிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"சாரிப்பா, பஸ்..."

"குடை எங்க?"

"பஸ்ல வெச்சுட்டு எறங்கிட்டேன்."

"கூப்ட்டா எடுக்க மாட்டியா?" அவர் காரணம் தேடியதையெல்லாம் மறந்தே போயிருந்தார். "நாலு மணி நேரமா இங்க உசுரக் கையில புடிச்சுட்டு ஒக்காந்துருக்கோம்! எங்க விழுந்து கெடக்கியோன்னு நான் எந்த ஆஸ்பத்திரிக்குனு ஓடறது? குடைய மறக்கறவ, மழை விட்டப்பறம் வர வேண்டியதுதானே? பதினேழு வயசாச்சு, மண்டையில என்னதான் இருக்கு?"

துண்டோடு வந்த ரோஸ்லின் நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜெனோவாவின் முகம் சிவந்தது. "வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? நனைஞ்சுட்டு வந்துருக்கேன், எப்பிடி இருக்கேன்னு கேக்கத் தோணல, கத்தத்தான் தெரியும் உங்களுக்கு!"

"கத்துவேன்! அப்பிடித்தான் கத்துவேன்!"

ரோஸ்லின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கி மகள் தலையில் போட்டுப் பரபரவென்று துவட்டினார். "மெதுவாப்பா, வலிக்குது" என்று அவள் கையைத் தட்டிவிட்டு, துண்டைப் பிடுங்கிக்கொண்டு, ஈரக் காலோடு கூடமெல்லாம் தடம் பதித்தபடி போய் அறைக்குள் புகுந்தாள். கதவைப் படீரென்று அறைந்து சாத்தினாள். கோணியிருந்த தாழ்ப்பாள் கழன்று தரையில் விழுந்தது.

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள். அருளப்பன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வாசலில் ஒரு செருப்பு கவிழ்ந்தும், இன்னொன்று வீட்டுக்குள்ளேயும் கிடந்தது.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. உலர்ந்த உடையில் ஜெனோவா அவரைக் கடந்து போனாள், நிற்கவில்லை. அடுக்களையில் குளிர்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரங்களை நகர்த்துகிற சத்தம்.

"இந்த வீட்ல திங்க ஒண்ணுமே இல்லையாம்மா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஐந்தரைக்கு அவளுக்கு வரகனேரிப் பேருந்து. இன்னும் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.